பால் கணக்கும் பச்சைக் கோடும்

இந்த மாதம் எங்கள் பிரிவில் ஆறு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். நகரி, புத்தூர், குப்பம், சித்தூர் டவுன் என்று ஊர் வேறு வேறு. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம் என்பது எல்லாருக்கும் பொது. நானும் அப்படி வந்தவன்தான். பதினெட்டு வருடமாக நான் பார்ப்பது ஒரே வேலை. ஊர் ஊராகப் பால் சேகரிப்பு மையங்களில் விழும் கணக்கைத் திரட்டிச் சரிபார்த்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை பால் ஊற்றியவர்களின் வங்கிக் கணக்கில் பணமாகப் போய்ச் சேரும்படி செய்வது. கருவி கெட்டில், பென்டஹோ டேட்டா இன்டகிரேஷன் என்பது முழுப்பெயர். அதில் ஜாப் கட்டுவது எப்படி என்று பயிற்சி வகுப்பில் இரண்டு நாளில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். வகுப்பில் வராததை நான் எழுதித் தருகிறேன்.

அதற்கு முன் வேலையின் கனம் தெரியட்டும். சித்தூர்ப் பக்கம் மழையை நம்பிப் போடும் நிலக்கடலை பல வருடம் கைகொடுக்காது. மாடு கறக்கிற வரைக்கும் அடுப்பு எரியும். சித்தூர் கூட்டுறவுப் பால் பண்ணை 2002-இல் மூடப்பட்டதைப் பார்த்த ஊர்கள் இவை. திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு 2014-இல் அமைந்த ஸ்ரீஜா மகளிர் பால் உற்பத்தியாளர் நிறுவனத்தில் உறுப்பினர்கள் அத்தனை பேரும் பெண்கள். இந்த வட்டாரத்தில் பால் பில் என்பது பெரும்பாலும் ஒரு வீட்டுப் பெண்ணின் கைக்கு வரும் பணம். திரையில் ஓடும் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு ஆள் உண்டு என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1. ஸ்பூனைத் திறப்பதற்கு முன்னால் ஒரு விடியலில் பால் மையத்தில் போய் நில்லுங்கள். ஸ்பூன் என்பது ஜாப்பை வரையும் திரை. அது மத்தியானம் வரை காத்திருக்கும். பலமனேர் பக்கத்து மையம் ஒன்றில் காலை ஐந்தரை மணிக்கு நான் கற்றுக்கொண்டது எந்தக் கையேட்டிலும் இல்லை. ஒரு அம்மா இரண்டு பசு வைத்திருந்தார். இரண்டின் பாலையும் வீட்டில் ஒன்றாகக் கலந்து, கையில் இருந்த ஐந்து லிட்டர் தூக்கில் ஒரு நடை கொண்டுவந்து ஊற்றினார். எடை போட்டார்கள், சாம்பிள் எடுத்தார்கள், சீட்டு வந்தது. பத்து நிமிடத்தில் அதே தூக்கோடு இரண்டாம் நடை. உறுப்பினர் எண் அதே, தேதி அதே, வேளை அதே, ஐந்து லிட்டர், கொழுப்பு 3.9, எஸ்.என்.எஃப். என்ற கொழுப்பில்லாத திடப்பொருள் 8.5. மிஷினில் விழுந்த இரண்டு வரிக்கும் சீட்டு எண் ஒன்றுதான் வித்தியாசம்.

அந்த ஃபைலை அலுவலகத்தில் இருந்தபடி பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன்? சீட்டு எண் நமக்கு எதற்கு என்று அந்தப் பத்தியை நீக்கியிருப்பேன். அடுத்து ‘யூனிக் ரோஸ்’ என்ற ஸ்டெப்பை வைத்து, ஒரே மாதிரி இரண்டு வரி இருந்தால் ஒன்றை எடுத்துவிடு என்று சொல்லியிருப்பேன். ஜாப் பிழையில்லாமல் ஓடியிருக்கும். அந்த அம்மாவுக்கு வேளைக்கு ஐந்து லிட்டர் காணாமல் போயிருக்கும். இரட்டை வரி எது, இரண்டு நடை எது என்பதை டேட்டா சொல்லாது; மையத்தில் நின்றால் தெரியும்.

2. ஜாப் வேறு, டிரான்ஸ்ஃபர்மேஷன் வேறு. புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான், அதனால் பொறுமையாகச் சொல்கிறேன்.

திருமலையில் வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் காத்திருந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அங்கே கூட்டத்தைக் கம்பார்ட்மென்ட்டுகளில் உட்கார வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். முந்தைய கம்பார்ட்மென்ட் காலியான பிறகுதான் அடுத்ததின் கதவு திறக்கும். ஒன்று முடியாமல் இன்னொன்று இல்லை. ஜாப் அப்படிப்பட்டது. ஃபைல் வந்ததா என்று பார், வந்திருந்தால் ஏற்று, ஏற்றியது சரியா என்று பார், சரியாக இருந்தால் பில் போடு. இந்த வேலைகள் ஒவ்வொன்றும் ஓர் என்ட்ரி. ஒவ்வொரு என்ட்ரியும் முழுதாக முடிந்து, முடிந்த விதத்தைச் சொன்ன பிறகுதான் அடுத்தது எழும்.

கதவு திறந்து கம்பித் தடுப்புக்குள் விட்டுவிட்டால் கதையே வேறு. முன்னால் போனவர் வெள்ளி வாகிலியைத் தாண்டும்போது பின்னால் இருப்பவர் மகாதுவாரத்தில் நுழைந்துகொண்டிருப்பார். எல்லாரும் ஒரே நேரத்தில் நகர்கிறார்கள். டிரான்ஸ்ஃபர்மேஷன் அந்த வரிசை. அதற்குள் இருக்கும் ஸ்டெப்புகள் எல்லாமே ஒன்றாக எழுந்து நிற்கும். வரிகள் ஒரு ஸ்டெப்பிலிருந்து அடுத்ததற்கு ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு ஸ்டெப்புக்கு நடுவில் வழக்கமாக 10,000 வரி நிற்க இடம் உண்டு. அது நிரம்பினால் பின்னால் உள்ள ஸ்டெப் தானாக நிற்கும். ஆகவே ஓட்டம் மெதுவாக இருந்தால் முதல் ஸ்டெப்பைத் திட்டாதீர்கள். வரிசையை அடைப்பது முன்னால் எங்கோ இருக்கிறது.

இது புரியாததால் வரும் தவறுகள் இரண்டைச் சொல்கிறேன். ‘செட் வேரியபிள்ஸ்’ ஸ்டெப்பில் பில் தேதியை வைத்துவிட்டு, அதே டிரான்ஸ்ஃபர்மேஷனில் இன்னொரு ஸ்டெப்பில் அந்தத் தேதியை எடுக்கப் பார்ப்பார்கள். வெறுமையாக வரும், அல்லது நேற்றைய தேதி வரும். ஏனென்றால் இரண்டு ஸ்டெப்பும் ஒரே நேரத்தில் எழுந்தவை. ஒன்று வைப்பதற்கு முன்பே மற்றது பார்த்து முடித்துவிட்டது. தேதியை ஒரு டிரான்ஸ்ஃபர்மேஷனில் வையுங்கள், ஜாப் அதை முடிக்கட்டும், அடுத்த டிரான்ஸ்ஃபர்மேஷனில் எடுங்கள். இன்னொன்று, டேபிளைக் காலி செய்யும் கட்டளையை டிரான்ஸ்ஃபர்மேஷனுக்குள் ஒரு எஸ்.க்யூ.எல். ஸ்டெப்பாக வைத்து, படத்தில் கடைசியில் வரைந்திருப்பதால் கடைசியில் ஓடும் என்று நம்புவது. அது வரிகள் நகரத் தொடங்கும் முன்பே, எல்லாரும் தயாராகும் நேரத்திலேயே ஓடி முடிந்திருக்கும். வரிசை முக்கியம் என்றால் அந்த வேலை ஜாப்பில் இருக்கவேண்டும்.

3. வரைவதற்கு முன் தாளில் வாக்கியமாக எழுதுங்கள். தமிழிலோ தெலுங்கிலோ, எது வாயில் வருகிறதோ அதில். ‘இரவு ஒன்பதுக்குள் எல்லா மையத்துச் சாயங்கால ஃபைலும் வரவேண்டும், வராத மையம் இருந்தால் அதை விட்டுவிட்டு மற்றதை ஏற்று, விட்டுப்போனதின் பெயரைச் சூப்பர்வைசருக்கு அனுப்பு.’ இந்த வாக்கியத்தை எழுத முடியாதவரால் அந்த ஜாப்பைக் கட்ட முடியாது. எழுதியதை மையச் செயலாளர் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் ‘அப்படி இல்லையே’ என்கிறாரோ அங்கே உங்கள் ஜாப் ஒருநாள் உடைந்திருக்கும்.

4. சிவப்புக் கோட்டை வரையாமல் எழுந்திருக்காதீர்கள். ஜாப்பில் ஒரு என்ட்ரியிலிருந்து அடுத்ததற்குப் போகும் கோட்டை ஹாப் என்பார்கள். அது மூன்று விதம். பூட்டுப் படம் போட்டது எது நடந்தாலும் போகும். பச்சை, நல்லபடி முடிந்தால் மட்டும் போகும். சிவப்பு, தோற்றால் மட்டும் போகும். பச்சையை எல்லாரும் வரைகிறார்கள். சிவப்பை வரைய யாருக்கும் பொறுமை இல்லை. இன்னும் மோசம், பச்சை இருக்கவேண்டிய இடத்தில் பூட்டுப் போட்டதை விட்டுவிடுவது. அப்படி விட்ட ஒரு ஜாப்பை நான் பார்த்திருக்கிறேன். ஃபைல் வரவே இல்லை. ஆனாலும் கோடு போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ‘இன்றைய கணக்கு ஏற்றப்பட்டது’ என்ற மெயில் அதிகாரிகள் எல்லாருக்கும் போனது. மூன்று நாள் யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு என்ட்ரியையும் தொட்டு, ‘இது தோற்றால் என்ன?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும்: நில், இதை விட்டு மேலே போ, மனிதரைக் கூப்பிடு. எது என்று முடிவு செய்து அதற்கான கோட்டைப் போடுங்கள். பணம் சம்பந்தப்பட்ட எதற்கும் என் பதில் ‘நில்’ என்பதுதான். ஒருநாள் தாமதமான பில்லுக்கு மன்னிப்புக் கேட்கலாம். தப்பாகப் போன பில்லைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன்.

அதற்கு முன், கோடு வரைவதில் இன்னொன்று. ஓர் என்ட்ரியிலிருந்து இரண்டு பச்சைக் கோடு இழுத்து, அந்த இரண்டு கிளையையும் மறுபடி ஒரே என்ட்ரியில் கொண்டுவந்து சேர்ப்பது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கெட்டில் ஒரு கிளையைக் கடைசிவரை ஓட்டிவிட்டு, திரும்பி வந்து அடுத்த கிளையைக் கடைசிவரை ஓட்டும். சேர்ந்த இடத்தில் இருக்கும் என்ட்ரி இரண்டு தடவை ஓடும். அந்த என்ட்ரி ‘வங்கி ஃபைல் அனுப்பு’ என்று இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கிளைகளைத் தனி ஜாப்பாகக் கட்டி, அதை ஒரே என்ட்ரியாக வைத்து, அதிலிருந்து ஒரு கோடு மட்டும் இழுங்கள்.

5. எத்தனை தடவை ஓட்டினாலும் கணக்கு ஒன்றாகவே இருக்கவேண்டும். என் கையால் நடந்த தவறை வைத்துச் சொல்கிறேன். பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அப்போது நான் வேறொரு பால் நிறுவனத்தில் இருந்தேன். ஒரு சாயங்கால வேளைக் கணக்கு ஓடும்போது நெட்வொர்க் அறுந்தது. ஏழு என்ட்ரியில் ஐந்தாவது தோற்று, ஜாப் நின்றது. நின்றது நல்லது. லைன் வந்ததும் நான் செய்த காரியம்தான் தப்பு: ஸ்டார்ட்டிலிருந்து மறுபடி ஓட்டினேன். முதல் நான்கு என்ட்ரி ஏற்கெனவே நாற்பது மையத்துப் பாலை டேபிளில் ஏற்றி முடித்திருந்தது. இரண்டாம் ஓட்டத்தில் அதே பால் இன்னொரு தடவை ஏறியது. பச்சை டிக் எல்லாம் விழுந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

பில் நாளன்று அந்த ஒரு வேளைக்கு இரட்டைப் பணம் போனது. எங்களுக்கு அது தெரிய வந்தது இன்னும் ஒரு வாரம் கழித்து. அடுத்த பில்லில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. அலுவலகத்தில் அது ஒரு கழித்தல் கணக்கு. ஊரில் அப்படி இல்லை. வந்த பணம் தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் பள்ளிக்கூடத்துக்கும் செலவாகிவிட்டது. அடுத்த பில் குறைந்து வந்ததும் மையச் செயலாளரின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அவர் என்ன செய்வார்? தன் சீட்டுப் புத்தகத்தைக் காட்டி, நான் சரியாகத்தான் எழுதினேன் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வீட்டார் அந்த மாதமே வேறு மையத்துக்கு மாறிப்போனார்கள். நான் போய் அவரிடம் தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் காப்பி கொடுத்து அனுப்பினார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

அன்றிலிருந்து என் வழி இது. மையம், தேதி, வேளை இந்த மூன்றும் சேர்ந்தது ஒரு மூட்டை. அந்த மூட்டையை முதலில் ஒரு தற்காலிக டேபிளில் இறக்குகிறேன். பிறகு நிஜமான டேபிளில் அதே மூட்டைக்கு உரிய வரிகள் இருந்தால் அவற்றை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றுகிறேன். நீக்குவதும் ஏற்றுவதும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில், இரண்டும் நடக்கும் அல்லது இரண்டும் நடக்காது என்ற விதத்தில். இனி நெட்வொர்க் எந்த இடத்தில் அறுந்தாலும் ஸ்டார்ட்டிலிருந்து பயமில்லாமல் ஓட்டலாம். நீங்கள் கட்டிய ஜாப்பைச் சோதிக்கும்போது ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். இரண்டு தடவை ஓட்டுங்கள். பிறகு நடுவில் கேபிளைப் பிடுங்கிவிட்டு மூன்றாம் தடவை ஓட்டுங்கள். மூன்றுக்கும் மொத்த லிட்டர் ஒன்றாக வந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள்.

6. மொத்தத்தை வெளியாள் ஒருவரிடம் கேட்டுச் சரிபாருங்கள். ஏற்றிய வரிகளின் எண்ணிக்கையும் ஃபைலில் இருந்த எண்ணிக்கையும் ஒன்று என்று பார்ப்பது முதல் பாதி. அது ஜாப் ஒழுங்காக வேலை செய்ததா என்பதை மட்டும் சொல்லும். ஃபைலே குறையாக வந்திருந்தால் சொல்லாது. மையங்களில் சேர்ந்த பால் பல்க் கூலரில் குளிர்ந்து டேங்கரில் ஏறுகிறது. டேங்கர் எடைமேடையில் நிற்கிறது. அந்த எடை நம் ஜாப்புக்குச் சம்பந்தமில்லாத சாட்சி. அதோடு ஒப்பிடுங்கள்.

ஒப்பிடும்போது ஒரு பொறி உண்டு. மையத்தில் லிட்டர், எடைமேடையில் கிலோ. ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ. பத்தாயிரம் லிட்டர் டேங்கர் 10,300 கிலோ காட்டும். இது தெரியாமல் ஒரு பையன், மையங்கள் முந்நூறு லிட்டரைக் குறைத்து எழுதித் திருடுகின்றன என்று ரிப்போர்ட் எழுதிவிட்டான். மாற்றிக் கணக்கிட்ட பிறகும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். பாத்திரத்தில் ஒட்டுவது, குழாயில் நிற்பது என்று. எவ்வளவு வரை பொறுக்கலாம் என்பதை டேங்கர் பிரிவுக்காரரிடம் கேட்டு ஒரு எண்ணாக வாங்கி, அதை ஜாப்பில் ஒரு சோதனை என்ட்ரியாக வையுங்கள். அந்த எண்ணை மீறினால் சிவப்புக் கோடு, ஜாப் நிற்கட்டும்.

7. ஒரு ஜாப்புக்கு ஒரு பொறுப்பு. இருபது என்ட்ரி கொண்ட ஜாப்பைக் கண்டால் அதற்குள் நாலு ஜாப் ஒளிந்திருக்கிறது. பிரியுங்கள்.

8. ஊர் மாறாது, மாவட்டம் மாறும். 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி ஆந்திரத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆயின. அன்று காலை எங்கள் ரிப்போர்ட்டில் பாதி தப்பு. 66 மண்டலங்கள் கொண்ட பழைய சித்தூர் மாவட்டம் பிரிந்து, நகரி சித்தூரிலேயே இருக்க, பக்கத்துப் புத்தூர் திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்தோடு சேர்ந்தது. நெல்லூரிலிருந்து சூளூர்ப்பேட்டை திருப்பதிக்கு வந்தது. எங்கள் டிரான்ஸ்ஃபர்மேஷன்களில் பதினோரு இடத்தில் ‘மாவட்டம் சித்தூராக இருந்தால்’ என்று நிபந்தனையைக் கையால் எழுதி வைத்திருந்தோம். ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த நான்கு நாள் ஆனது. அதைவிடக் கஷ்டம் பழைய கணக்கு. புத்தூர் மையத்தின் 2021 பாலை எந்த மாவட்டத்தில் காட்டுவது? அரசுக்குக் கொடுத்த பழைய அறிக்கையில் அது சித்தூர். இந்த வருடத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால் திருப்பதி. இரண்டு பதிலும் சரி, கேள்வியைப் பொறுத்தது.

இது புதிய கதையும் இல்லை. சித்தூர் மாவட்டமே 1911 ஏப்ரல் 1-இல் வட ஆற்காட்டிலும் கடப்பையிலும் இருந்து தாலுகாக்களைப் பிரித்து உண்டாக்கியது. 1953-இல் அது ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி இங்கிருந்து சென்னை மாநிலத்துக்குப் போனது. உங்களில் இரண்டு பேருக்குத் திருத்தணியில் தாத்தா வீடு இருக்கும். அந்தத் தாத்தா வீடு மாறாமலேயே மாவட்டமும் மாநிலமும் மாறியவர். எனவே மாவட்டப் பெயரை எந்த நிபந்தனையிலும் எழுதாதீர்கள். தனியாக ஒரு டேபிள்: மண்டலம், மாவட்டம், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை. பால் ஊற்றிய தேதியை வைத்து அதில் தேடினால் அன்றைய மாவட்டம் வரும், இன்றைய தேதியை வைத்துத் தேடினால் இன்றைய மாவட்டம் வரும். மறுபடி மாறும்போது டேபிளில் ஒரு வரி கூடும். ஜாப்பைத் தொட வேண்டியிருக்காது. கொள்முதல் விலைப் பட்டியலையும் இதே மாதிரி தேதியோடு வையுங்கள். கொழுப்புக்கு ஒரு ரூபாய் ஏறிய அன்று பழைய பில்லெல்லாம் புதிய விலைக்கு மாறிவிட்டால் யாருக்கும் பதில் சொல்ல முடியாது.

9. பெயரை வைத்து ஆளைச் சேர்க்காதீர்கள். நம் எல்லையோர ஊர்களில் தெலுங்கு வீட்டில் வீட்டுப்பெயர் முன்னால் வரும். தமிழ் வீட்டில் அப்பா பெயரின் இனிஷியல். கல்யாணமானால் அந்த எழுத்தும் மாறும். லட்சுமி என்ற ஒரு பெயரை வங்கியில் ஒருவிதம், ஆதாரில் ஒருவிதம், மையத்தில் ஒருவிதம் எழுதியிருப்பார்கள். எண்ணை வைத்துச் சேருங்கள். பெயர் அச்சடிக்க மட்டும். இதோடு தொட்டுக்கொண்டு வருவது எழுத்துக் குறியாக்கம். ‘டெக்ஸ்ட் ஃபைல் இன்புட்’ ஸ்டெப்பில் என்கோடிங் பெட்டியைக் காலியாக விட்டால் உங்கள் கம்ப்யூட்டரில் தெலுங்கு ஒழுங்காகத் தெரியும், சர்வரில் கேள்விக்குறி வரிசையாக விழும். யு.டி.எஃப்.-8 என்று நீங்களே எழுதிவிடுங்கள். தன் பெயர் கேள்விக்குறியாக அச்சான சீட்டைக் கையில் வாங்கும் அம்மாவுக்கு அது அவமரியாதை.

10. பாதை, பாஸ்வேர்ட், மெயில் முகவரி எதையும் ஜாப்புக்குள் எழுதாதீர்கள். எல்லாம் கெட்டில் பிராப்பர்ட்டீஸ் ஃபைலிலோ பாராமீட்டராகவோ இருக்கட்டும். கெட்டில் பாஸ்வேர்டை ‘என்கிரிப்டட்’ என்று தொடங்கும் எழுத்துக் கோவையாகச் சேமிக்கும். அது பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு மறைக்க மட்டும் உதவும், தெரிந்தவர் நொடியில் பிரித்துவிடுவார். அந்த ஃபைலைச் சாவிபோல் பத்திரமாக வையுங்கள்.

11. ராத்திரியில் ஜாப் தனியாக ஓடும். பகலில் ஸ்பூனில் உங்கள் கண்முன் ஓடுவது ஒத்திகை. நிஜமாக ஓட்டுவது கிச்சன். டிரான்ஸ்ஃபர்மேஷனை மட்டும் தனியாக ஓட்டுவது பேன். சர்வரின் கிரான் கடிகாரம் கிச்சனை எழுப்பும். முடிந்ததும் அது ஒரு எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் நல்லபடி முடிந்தது. 1 என்றால் ஓடும்போது பிழை. 7 என்றால் ஜாப்பையே ஏற்ற முடியவில்லை, பெரும்பாலும் பெயரோ பாதையோ தப்பு. இந்த எண்ணைப் பார்க்காத ஷெல் ஸ்கிரிப்ட் காது கேட்காத காவல்காரர்.

தோற்றால் மெயில் வரும்படி எல்லாரும் வைத்துவிடுகிறார்கள். சர்வரே கரண்ட் இல்லாமல் படுத்துவிட்டால் தோற்ற மெயிலும் வராது. நாம் நல்லபடி ஓடியதாக நினைத்துக்கொள்வோம். அதனால் நல்லபடி முடிந்ததற்கும் ஒரு வரி எங்காவது எழுதச் சொல்லுங்கள். வேறொரு மிஷின் காலை நாலு மணிக்கு அந்த வரி இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லாவிட்டால் அது கூப்பிடட்டும். யாரைக் கூப்பிடும் என்பதில் ஒரு பெயர் இருக்கவேண்டும், ‘டீம்’ என்று இருக்கக்கூடாது. அந்தப் பெயருக்கு உரியவர் தூக்கக் கலக்கத்தில் எழுந்து படிக்கும் குறிப்பில் முதல் வரி, ‘ஸ்டார்ட்டிலிருந்து மறுபடி ஓட்டலாம்’ அல்லது ‘ஓட்டாதே, இவரைக் கேள்’. காரணமெல்லாம் அடுத்த வரியில்.

12. கருவியின் பெயர் மாறும், கவலைப்படாதீர்கள். கெட்டிலை எழுதியவர் பெல்ஜியத்துக்காரர் மாட் காஸ்டர்ஸ். 2005-இல் எல்லாருக்கும் திறந்துவிட்டார். அடுத்த வருடம் அது பென்டஹோவிடம் சேர்ந்தது. 2015-இல் பென்டஹோவை ஹிட்டாச்சி வாங்கியது. அந்த வேரிலிருந்து பிரிந்த அப்பாச்சி ஹாப் 2022-இல் அப்பாச்சியின் முதல்நிலைத் திட்டமாக அறிவிக்கப்பட்டது. ஹாப்பில் ஜாப்பை வொர்க்ஃப்ளோ என்பார்கள், என்ட்ரியை ஆக்‌ஷன் என்பார்கள், டிரான்ஸ்ஃபர்மேஷன் அங்கே பைப்லைன், ஸ்டெப் அங்கே டிரான்ஸ்ஃபார்ம். பெயரைக் கண்டு மிரளாதீர்கள். கம்பார்ட்மென்ட் எது, வரிசை எது என்று கேட்டுக்கொண்டால் ஒரே நாளில் பிடிபடும். உங்களில் சிலர் பெங்களூருக்கோ சென்னைக்கோ போய் ஏர்ஃப்ளோ என்ற கருவியில் வேலை செய்வீர்கள். அங்கே கோடு வரைவதற்குப் பதில் பைத்தானில் எழுதுவீர்கள். இரண்டு தடவை ஓட்டிப் பார்ப்பது, நடுவில் கேபிளைப் பிடுங்குவது, டேங்கர் எடையைக் கேட்பது எல்லாம் அங்கேயும் செய்யவேண்டியதுதான்.

13. இந்தத் திங்கட்கிழமை யாரும் நேராக அலுவலகத்துக்கு வரவேண்டாம். காலை நாலரைக்குச் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இருங்கள், வேன் நிற்கும். பலமனேர் ஏறினதும் குளிரும், ஸ்வெட்டரோ போர்வையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பேரும் ஆறு மையம். லேப்டாப் வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும். முதல் தூக்கிலிருந்து கடைசித் தூக்கு வரை வரும் ஒவ்வொரு சீட்டையும் கையால் எழுதிக்கொண்டு வாருங்கள். மத்தியானம் அந்த மையத்து ஃபைல் நமக்கு வந்து சேர்ந்ததும், உங்கள் நோட்டையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாகப் பார்ப்போம். எந்த வரி எங்கே தவறியது என்று தெரிந்த பிறகு ஸ்பூனைத் திறக்கலாம்.